அயனியின் நிறையை அளக்க நான்கு வழிகள்: எம்.எஸ்சி. முடித்தவர் எதில் சேரலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது நெட் தேர்வு, பி.எட்., டி.ஆர்.பி. பற்றித்தான். கொஞ்ச நாளாக வேறொரு கேள்வியும் வர ஆரம்பித்திருக்கிறது. "சார், அயனிகளோட நிறையை ரொம்பத் துல்லியமா அளக்குற ஆராய்ச்சியில பி.எச்டி. பண்ண ஆசை. பென்னிங் பொறின்னு ஒண்ணு இருக்கு, எம்ஆர்டாஃப்னு ஒண்ணு இருக்கு, சேமிப்பு வளையம்னு ஒண்ணு இருக்கு. எதுக்கு விண்ணப்பிக்கலாம்?"

கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு முடிவோடு வருகிறார்கள். பென்னிங் பொறி பதினோரு இலக்கத் துல்லியம் (பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு), எம்ஆர்டாஃப் ஏழு எட்டு இலக்கம், வளையம் ஆறு ஏழு இலக்கம் என்று எங்கோ படித்திருப்பார்கள். பதினொன்றுதானே பெரிது, அங்கேயே போய்விடலாம் என்பது கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த அயனி, அது எவ்வளவு நேரம் இருக்கும், எந்தக் கேள்விக்காக அதை அளக்கிறோம் என்ற மூன்றும்தான் கருவியைத் தீர்மானிக்கின்றன. இலக்கங்களின் எண்ணிக்கை அதற்குப் பின்னால் வருகிற விஷயம்.

எதை வைத்து ஒப்பிடுவது

ஒரு அணுவில் உள்ள புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எல்லாவற்றின் நிறையையும் தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகையைவிட அணுவின் நிறை குறைவு. குறைந்த பகுதிதான் பிணைப்பு ஆற்றல். ஆகவே நிறையைத் துல்லியமாக அளந்தால் ஆற்றலை அளந்ததாகிவிடும். இந்தத் துறை முழுவதும் நிற்பது இதன் மேல்தான்.

அணுக்கருவின் பிணைப்பு ஆற்றல் மொத்த நிறையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. நியூட்ரான் அதிகமான ஐசோடோப்புகளில் கருவின் அமைப்பு எப்படி மாறுகிறது, விண்மீன்களில் தங்கம் போன்ற கனமான தனிமங்கள் எந்தப் பாதையில் உருவாகின்றன என்பதையெல்லாம் ஆராயப் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து கோடியில் ஒரு பங்கு வரை துல்லியம் இருந்தால் பெரும்பாலும் போதும். பீட்டா சிதைவை வைத்து வலுக்குறைந்த அணுக்கரு விசையைச் சோதிக்க வேண்டுமானால் பத்துக் கோடியில் ஒன்று, நூறு கோடியில் ஒன்று என்று போக வேண்டும். எலக்ட்ரான்களின் பிணைப்பு இன்னும் நுணுக்கமானது. ஹைட்ரஜனில் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். அணுவின் நிறையில் அது கிட்டத்தட்ட ஏழு கோடியில் ஒரு பங்கு. அதைப் பார்த்தால் மட்டும் போதாது, அதிலும் சிறு பின்னத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்குப் போக வேண்டியிருக்கும். நியூட்ரினோவின் நிறை, குவாண்டம் மின்னியக்கவியல் சோதனை, ஐன்ஸ்டைனின் ஆற்றல்–நிறைச் சமன்பாட்டுச் சோதனை எல்லாம் இந்தக் கடைசிப் படியில் இருப்பவை.

எனவே நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது. அயனியின் ஆயுள் முதலில். அப்புறம், எத்தனை அயனி கிடைக்கும்: கோடிக்கணக்கிலா, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றா? மூன்றாவது, கேள்விக்குத் தேவையான துல்லியம். நான்காவது, கருவி ஆண்டு முழுவதும் உங்கள் ஆய்வகத்தில் ஓடுமா, துகள் முடுக்கியில் உங்களுக்கென ஒதுக்கும் கற்றை நேரத்துக்குக் காத்திருக்க வேண்டுமா? கடைசியாக, பட்டம் வாங்கிய பிறகு கையில் என்ன தொழில் மிஞ்சும்? ஐந்தாவதை ஆராய்ச்சியாளர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. வீட்டில் தங்கை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வழி 1: குளிர்ந்த பென்னிங் பொறியில் ஒற்றை அயனி

வலுவான, சீரான காந்தப்புலத்தில் அயனி வட்டமடிக்கும். அந்தச் சுற்றின் அதிர்வெண் மின்னூட்டத்துக்கும் காந்தப்புலத்துக்கும் நேர்விகிதம், நிறைக்கு எதிர்விகிதம். இதைத்தான் சைக்ளோட்ரான் அதிர்வெண் என்கிறோம். காந்தப்புலம் மட்டும் இருந்தால் அயனி மேலேயோ கீழேயோ நழுவிவிடும் என்பதால், அதைத் தடுக்க ஒரு மின்புலமும் கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் பென்னிங் பொறி. இப்படித் துகள்களைப் பிடித்துவைக்கும் நுட்பத்துக்காக ஹான்ஸ் டெமெல்ட்டும் வொல்ஃப்காங் பாலும் 1989-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மின்புலம் சேர்ந்ததும் அயனியின் ஓட்டம் மூன்று தனித்தனி அசைவுகளாகப் பிரிகிறது. நமக்கு வேண்டிய அதிர்வெண் இவற்றில் எதிலும் நேரடியாக இல்லை. ஆனால் மூன்று அதிர்வெண்களின் வர்க்கங்களைக் கூட்டினால், அது சைக்ளோட்ரான் அதிர்வெண்ணின் வர்க்கமாக வந்துவிடுகிறது. பொறி லேசாகச் சாய்ந்திருந்தாலும், மின்புலம் சற்று நெளிந்திருந்தாலும் இந்த உறவு மாறாது. பிரௌன், கேப்ரியேல்ஸ் இருவரும் காட்டிய இந்த முடிவு இல்லாவிட்டால் பதினோரு இலக்கம் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

அளவிடும் விதமும் அழகானது. அயனியை வெளியே எடுப்பதே இல்லை. அது உள்ளே ஆடும்போது சுற்றியுள்ள மின்முனைகளில் மிகமிகச் சிறிய மின்னோட்டம் தூண்டப்படும். அதை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்த, மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள் ஒன்று பிடித்துக் கொடுக்கிறது. இந்தக் குளிரில் வெற்றிடமும் அபாரமாக அமைந்துவிடுவதால் ஒரே அயனியை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஐரோப்பாவின் சேர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள பேஸ் குழு, புரோட்டானின் எதிர்ப்பொருள் இணையான எதிர்ப்புரோட்டான்களை 405 நாள் வைத்திருந்தது. 2022-இல் அவர்கள் புரோட்டான், எதிர்ப்புரோட்டான் இரண்டின் மின்னூட்ட–நிறை விகிதத்தை ஒப்பிட்டு, லட்சம் கோடியில் 16 பங்கு அளவுக்கு வித்தியாசம் ஏதும் இல்லை என்று காட்டினார்கள்.

இந்த வழியில் வந்த முடிவுகளை அடுக்கினால் யாருக்கும் ஆசை வரும். 2014-இல் எலக்ட்ரானின் நிறை, அதற்கு முன் இருந்ததைவிட 13 மடங்கு துல்லியமாக. 2017-இல் புரோட்டானின் நிறை. ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த மதிப்பிலிருந்து மூன்று பிழையளவு தள்ளி, கொஞ்சம் குறைவாக வந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் மையர்ஸ் குழு வேறு முறையில் செய்த அளவீடுகளும் பின்னர் அந்தக் குறைந்த மதிப்புக்கே ஆதரவாக வந்தன. ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான டிரிட்டியத்துக்கும் ஹீலியம்-3-க்கும் உள்ள நிறை வித்தியாசத்தை 18592.071 எலக்ட்ரான் வோல்ட் என்று சொன்னதும் அதே குழுதான், 0.022 பிழையோடு. டிரிட்டியம் சிதைவை வைத்து நியூட்ரினோவின் நிறைக்கு 0.45 எலக்ட்ரான் வோல்ட் என்று மேல்வரம்பு போட்டிருக்கும் ஜெர்மனியின் கேட்ரின் சோதனை, தன் ஆற்றல் அளவுகோல் சரியா என்று பார்த்துக்கொள்ள இந்த எண் உதவுகிறது.

எனக்குப் பிடித்தது ரீனியம்தான். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில், கிளவுஸ் பிளாவும் குழுவினரும் பென்டாட்ராப் என்ற பென்னிங் பொறிக் கருவியில் ரீனியம்-187 அணுவிலிருந்து 29 எலக்ட்ரான்களை உரித்துவிட்டு நிறையை அளந்தார்கள். சில அயனிகள் மற்றவற்றைவிடச் சற்றே கனமாக இருந்தன. கூடுதல் கனம் 202 எலக்ட்ரான் வோல்ட். மிஞ்சியிருந்த எலக்ட்ரான்கள் கீழ்நிலைக்கு இறங்காமல் ஓர் உயர்நிலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் வந்த கனம் அது. ஒளியே வெளிவராத ஒரு நிலையை எடை போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள், 2020-இல். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியிலிருந்து கிளம்பும் பத்து டன் லாரியை எடைமேடையில் ஏற்றி, அதில் பத்தில் ஒரு மில்லிகிராம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வதற்குச் சமமான துல்லியம் இந்தக் கருவியுடையது.

சரி, இதன் விலை என்ன? பணத்தைச் சொல்லவில்லை. திரவ ஹீலியமும் மீக்கடத்திக் காந்தமும் நிறுவனத்தின் தலைவலி. உங்கள் செலவு காலம். காந்தப்புலம் நகர்ந்துகொண்டே இருக்கும். அறையின் வெப்பநிலை, காந்தத்தில் உள்ள ஹீலியத்தின் மட்டம், அதன் அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் கட்டிப்போட வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிட்சார்ட் குழு அளந்த காலத்தில், பக்கத்தில் ஓடும் மின்ரயில் காந்தப்புலத்தைக் கலைத்ததால், ரயில் நின்ற பின்னிரவில்தான் நல்ல அளவீடு கிடைத்தது. காந்தம் ஒருமுறை சூடாகி மீக்கடத்தும் தன்மையை இழந்தால், மீண்டும் குளிர்வித்துப் புலம் நிலைப்படும்வரை மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய செலவு பிழைக் கணக்கு. மின்முனைகளில் அயனி தானே உண்டாக்கும் பிம்ப மின்னூட்டம் அதன் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும். அயனி வேகமாகச் சுற்றினால் சார்பியல்படி நிறை கூடும். இப்படிப் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்த்துகிறது என்று கணக்கிட்டுத் திருத்த வேண்டும். ஆய்வேட்டில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். நான்கு வருட முடிவில் உங்கள் பெயரில் ஒரே ஒரு எண் வரலாம். நண்பன் வேறு துறையில் ஆறு கட்டுரை போட்டிருப்பான். அது தாங்கும் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

கைவேலை தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பொறியின் மின்முனைகள் தூய செம்பில் சில மைக்ரான் பிசகுக்குள் கடைந்து தங்க முலாம் பூசியவை. ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. கடையில் விடுமுறை வேலை பார்த்த பிள்ளைகள் அதை வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பத்தில் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த இயற்பியல் மாணவர் கிடைப்பது குறைவு.

வழி 2: முடுக்கியோடு இணைந்த பென்னிங் பொறி

அடிப்படை அதே பொறிதான். ஆனால் அயனிகள் கதிரியக்கம் உள்ளவை. முடுக்கியில் பிறந்து, வடிகட்டப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, சிதைந்து போவதற்குள் பொறிக்குள் வந்து சேர வேண்டும். சேர்னின் ஐசோல்டே கூடத்தில் உள்ள ஐசோல்ட்ராப்தான் இதில் முன்னோடி. பின்லாந்தில் ஜைஃபில்ட்ராப், கனடாவில் டைட்டன், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஷிப்ட்ராப், அமெரிக்காவில் லெபிட் என்று இப்போது பல இடங்களில் உண்டு. லித்தியம்-11 என்ற அணுக்கருவின் அரை ஆயுள் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, 8.8 மில்லி நொடிதான். அதையும் டைட்டன் குழு அளந்திருக்கிறது.

பழைய முறையில் அயனியைச் சுழற்றிவிட்டு வெளியேற்றி, அது உணரிக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளப்பார்கள். 2013-இல் ஷிப்ட்ராப்பில் வந்த புது முறை, அயனி எந்தக் கோணத்தில் நின்றது என்பதைத் தட்டையான உணரியில் படம்போலப் பதிவு செய்கிறது. பழையதைவிட 25 மடங்கு வேகம், அருகருகே உள்ள நிறைகளைப் பிரிப்பதில் 40 மடங்கு திறமை. இந்தத் துறையில் சேருகிறவர் இன்று கற்றுக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

துல்லியம் பத்துக் கோடியில் ஒன்று முதல் நூறு கோடியில் ஒன்று வரை. நீண்ட ஆயுள் உள்ள அயனி என்றால் அதைத் தாண்டியும் போகும். பதினோரு இலக்கக்காரர்களோடு ஒப்பிட்டு இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சில வகை பீட்டா சிதைவுகளின் வேகம், வெளிப்படும் ஆற்றலின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஆற்றலில் உள்ள பிழை ஐந்து மடங்காகப் பெருகி முடிவில் வந்து நிற்கும். அந்த ஆற்றலைத் தருவது நிறை அளவீடு. புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகள் ஒன்று மற்றொன்றாக மாறும் நிகழ்தகவுகளைக் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடு. இப்போதைய கணக்குகளில் அது ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. குறைவு உண்மையா, கணக்கில் ஓட்டையா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகமே கவனிக்கும் அந்தக் கேள்விக்கு உங்கள் ஒன்பதாவது இலக்கம் நேராகப் போய்ச் சேரும்.

மறைந்திருக்கும் செலவு கற்றை நேரம். விண்ணப்பம் எழுத வேண்டும், குழு ஒப்புக்கொள்ள வேண்டும், ஒதுக்கிய சில நாட்களில் முடுக்கி ஒழுங்காக ஓட வேண்டும். இரவும் பகலும் முறை வைத்து உட்கார்ந்து, வருகிற கற்றையில் நமக்கு வேண்டிய அயனி ஒன்றுக்கு வேண்டாதது பல ஆயிரம் என்றால் அந்த வாரம் போனதுதான். முடுக்கி நீண்ட பராமரிப்புக்கு மூடப்பட்டால் அது உங்கள் ஆய்வுக்காலத்தைப் பார்த்து மூடப்படாது. 2019, 2020 இரண்டு ஆண்டும் ஐசோல்டேவுக்குப் புரோட்டான் கற்றையே இல்லை. அந்தச் சமயத்தில் நடுவில் இருந்த மாணவர்கள் பழைய தரவையும் கருவி மேம்பாட்டையும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு கற்றை வாரத்தில் நாலைந்து ஐசோடோப்பு கிடைக்கும், அதில் ஒரு கட்டுரை நிச்சயம் தேறும். கூட்டமாக வேலை செய்யப் பிடிக்கும், அணுக்கரு இயற்பியல் பாடத்தில் ருசி உண்டு, ஒரே எண்ணோடு நான்கு வருடம் குடித்தனம் நடத்த முடியாது என்பவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன்.

வழி 3: எம்ஆர்டாஃப்

பல பிரதிபலிப்புப் பறப்புநேர நிறைமானி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எம்ஆர்டாஃப். இதில் காந்தமே கிடையாது. சம ஆற்றலில் கிளம்பும் அயனிகளில் இலேசானது முன்னே போகும், கனமானது பின்தங்கும். ஓடும் தூரம் அதிகமானால் இடைவெளியும் அதிகமாகும். நீளமான குழாய் கட்டுவதற்குப் பதில், இரண்டு மின்புல ஆடிகளுக்கு நடுவே அயனியை முன்னும் பின்னும் ஓடவிடுகிறார்கள். ஜெர்மனியின் கீசன் நகரில் ஹெர்மன் வோல்னிக் 1990-இல் முன்வைத்த யோசனை இது. நூறு அணுநிறை அலகுள்ள அயனியை இரண்டாயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் விட்டால், பத்து மில்லி நொடியில் 600 மீட்டர் ஓடிவிடும். கருவியின் நீளமோ ஒரு மீட்டர் அளவுதான், மேசைமேல் வைத்துவிடலாம்.

அந்தப் பத்து மில்லி நொடிதான் இதன் பலம். அயனிகள் பத்திருபது கிடைத்தாலே அளந்துவிடலாம். ஒரே நிறையெண் கொண்ட வெவ்வேறு தனிமங்களெல்லாம் ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சிகரங்களாக வந்து நிற்கும். கால்சியம்-53, கால்சியம்-54 இரண்டையும் ஐசோல்ட்ராப் குழு 2013-இல் இப்படித்தான் அளந்தது. 32 நியூட்ரான் உள்ள கரு எதிர்பாராத உறுதியோடு இருப்பது அதில் தெளிவானது. வேண்டாத அயனிகளைக் கழித்துக்கட்டிப் பென்னிங் பொறிக்கு அனுப்பும் வடிகட்டியாகவும் இதே கருவி உதவுகிறது.

துல்லியம் கோடியில் ஒன்று, நன்றாக நடந்தால் பத்துக் கோடியில் ஒன்று. ஆடிகளுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலே சிகரம் நகர்ந்துவிடும். சிகரத்தின் வால் ஒரு பக்கம் இழுத்திருந்தால் அதன் மையம் எது என்பதில் சண்டை வரும். பக்கத்தில் நிறை தெரிந்த அயனி ஒன்று இல்லாவிட்டால் அளவுகோலே ஆட்டம் காணும். அணுக்கரு அமைப்புக்கு இது போதும். நியூட்ரினோ நிறைக்காகவோ ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்காகவோ இங்கே வந்தால் ஏமாற்றம்தான்.

வேலைவாய்ப்பில் மட்டும் இது மற்ற மூன்றையும் முந்துகிறது. பறப்புநேர நிறைமானிகள் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் வரை பரவியிருப்பவை. உயர் மின்னழுத்தம், வெற்றிடம், வேகமான மின்னணுவியல், தரவு பகுப்பாய்வு நாலும் கையில் இருந்தால் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ வேலை தேடுவது கடினமில்லை.

வழி 4: சேமிப்பு வளையம்

டார்ம்ஸ்டாட்டில் உள்ள வளையத்தின் சுற்றளவு 108 மீட்டர். ஒளியின் வேகத்தில் பெரும்பங்கு வேகத்தோடு அயனிகள் நொடிக்கு இருபது லட்சம் சுற்று அளவில் ஓடும். சுற்றின் அதிர்வெண்ணிலிருந்து நிறை வரும். எலக்ட்ரான் கற்றையால் குளிர்வித்து அளந்தால் சில நொடி ஆயுள் வேண்டும். குளிர்விக்காமல், வேகமானதும் மெதுவானதும் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்கும்படி வளையத்தை அமைத்தால் மைக்ரோ நொடிகளே போதும். சீனாவின் லான்ஜோவிலும் ஜப்பானின் ரிக்கெனிலும் இந்த இரண்டாவது முறை நடக்கிறது. துல்லியம் பெரும்பாலும் பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து கோடியில் ஒன்றுக்குள்.

துல்லியத்துக்காக யாரும் வளையத்துக்குப் போவதில்லை. எல்லா எலக்ட்ரான்களையும் இழந்த கருக்களை ஓடவிட்டு அவை சிதைவதைப் பார்க்க வேண்டுமா, அதற்கு இதுதான் இடம். சாதாரண ரீனியம்-187-இன் அரை ஆயுள் நாலாயிரம் கோடி ஆண்டுக்கும் மேல். எலக்ட்ரானே இல்லாத ரீனியம்-187 வெறும் 33 ஆண்டில் பாதியாகிவிடும் என்று 1996-இல் கண்டது இந்த வளையத்தில்தான். செலவு என்று பார்த்தால், நூறு பேர் கொண்ட கூட்டுக்குழுவில் நீங்கள் ஒருவர். கருவியைத் தொட வாய்ப்பு குறைவு, கணினிமுன் உட்காரும் நேரம் அதிகம். நிரல் எழுதப் பிடித்தவர்களுக்கு அது குறையாகவும் தெரியாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குளிர்ந்த பென்னிங் பொறி | முடுக்கியோடு பென்னிங் பொறி | எம்ஆர்டாஃப் | சேமிப்பு வளையம் |
|---|---|---|---|---|
| அயனி தாங்க வேண்டிய காலம் | நாட்கள், வாரங்கள் | சுமார் பத்து மில்லி நொடிக்கு மேல் | சில மில்லி நொடி | நொடிகள் அல்லது மைக்ரோ நொடிகள், முறையைப் பொறுத்து |
| துல்லியம் | பத்தாயிரம் கோடியில் ஒன்று, அதற்கும் மேல் | பத்துக் கோடி முதல் நூறு கோடியில் ஒன்று | கோடி முதல் பத்துக் கோடியில் ஒன்று | பத்து லட்சம் முதல் கோடியில் ஒன்று |
| பொருத்தமான கேள்வி | நியூட்ரினோ, எதிர்ப்பொருள், அடிப்படை மாறிலிகள் | வலுக்குறைந்த விசை, கருவின் அமைப்பு | அரிய ஐசோடோப்பு, விண்மீன் வினைகள் | உரித்த கருக்களின் சிதைவு, ஒரே ஓட்டத்தில் பல நிறைகள் |
| கருவி யார் கையில் | உங்கள் குழு, ஆண்டு முழுவதும் | கற்றை நேரம் கிடைத்தால் | சோதனை ஓட்டம் எப்போதும், அரிய அயனி கற்றை நேரத்தில் | பெரிய கூட்டுக்குழு |
| மறைந்திருக்கும் செலவு | காலம், குறைந்த கட்டுரைகள் | முடுக்கி மூடல், கலப்படக் கற்றை | துல்லியத்துக்கு உச்சவரம்பு | கருவியோடு நேரடித் தொடர்பு குறைவு |

ஊரை விட்டு எவ்வளவு தூரம்

பதினோரு இலக்கம் வேண்டுமானால் வெளிநாடுதான். ஜெர்மனி நம் பிள்ளைகளுக்கு ஒத்துவரும். எம்.எஸ்சி. இருந்தால் நேராக முனைவர் ஆய்வுக்குச் சேரலாம். இத்தகைய நிறுவனங்களில் ஆய்வு மாணவர் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை, மாறாக ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருவார்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். டார்ம்ஸ்டாட்டில் எழும் ஃபேர் முடுக்கி வளாகத்தில் இந்தியாவும் பங்காளி நாடு என்பதால், வழி 2, வழி 4 பக்கம் போகிறவர்களுக்கு இந்தியக் குழுக்கள் மூலமாகவும் கதவு உண்டு.

உள்நாட்டில் என்றால் கொல்கத்தாவின் வி.இ.சி.சி. முடுக்கி மையத்தில் பென்னிங் பொறி உருவாக்கும் வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அயனிகளையும் குளிர்ந்த அணுக்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஆய்வு உண்டு. அங்கே நிறை அளப்பதில்லை, ஆனால் அயனியைப் பிடிக்கும் கலை அங்கேயே கற்கலாம். கிருஷ்ணகிரியில் காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் வாசலில் நிற்கலாம். நெட் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு அரசு 6,003 கோடி ஒதுக்கியிருப்பதால், அயனிப் பொறி தெரிந்தவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இங்கே கிராக்கி இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுச் சூழல் காரணமாக உடனே வெளிநாடு போக முடியாது என்று சொன்ன பென்னாகரத்து மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: அறிவியல் கழகங்கள் தரும் கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, பெங்களூரில் ஒரு பொறி ஆய்வகத்தில் இரண்டு மாதம் இரும்மா, அப்புறம் முடிவு செய்யலாம். வெற்றிட பம்ப்பின் இரைச்சலுக்கு நடுவே நாள் முழுக்க ஒரு கசிவைத் தேடிப் பார்த்துவிட்டு, மறுநாளும் அந்த அறைக்குப் போக மனசு வருகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். வராவிட்டால் வழி 4-இன் பகுப்பாய்வு வேலையோ கோட்பாட்டுப் பக்கமோ இருக்கவே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

குழுத் தலைவருக்கு எழுதும் மின்னஞ்சலில் "உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது" என்ற பத்தியைச் சுருக்கிவிட்டு நேரான கேள்விகளை வையுங்கள். வழி 1 என்றால்: காந்தம் இப்போது குளிர்ந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை புதுக் கருவியை நான்தான் கட்ட வேண்டுமா? இரண்டுமே நல்ல வேலைதான், ஆனால் இரண்டாவதில் முதல் அளவீட்டுக்கு முன்பே உதவித்தொகை தீர்ந்துபோக வாய்ப்பு உண்டு. வழி 2 என்றால்: அடுத்த மூன்றாண்டில் முடுக்கி எப்போது மூடப்படுகிறது, ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த கற்றை நேரம் கையில் இருக்கிறதா? வழி 3 என்றால்: கருவியைச் சோதிக்க உள்ளூர் அயனி மூலம் உண்டா, கற்றை இல்லாத மாதங்களில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? வழி 4 என்றால்: என் ஆய்வேடு எந்தத் தரவை வைத்து, அந்தத் தரவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதா?

நான்குக்கும் பொதுவாக ஒன்று: இந்தக் குழுவில் கடைசியாகப் பட்டம் வாங்கியவர் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார், இப்போது எங்கே இருக்கிறார்? அவருடைய மின்னஞ்சலை வாங்கி அவரிடமே தனியாக எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் குழுத் தலைவரைவிட நீளமான பதில் அவரிடமிருந்துதான் வரும்.